மயக்கம் என்னும் சொல்லும் மருந்து – புரதப் பிணைப்பும்

‘மயக்கம்’ என்னும் சொல் தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கு நன்கு பழக்கமானது. மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம், திணை மயக்கம் என வழங்கும் கலைச்சொற்களில் அது கலத்தல், ஒன்றோடொன்று கூடி நிற்றல் என்னும் பொருளைத் தருகிறது. பேச்சு வழக்கிலோ தலைசுற்றல், நினைவிழத்தல், கள்வெறி, ஐயம், காதலால் அறிவு திரிதல் ஆகிய அனைத்தும் இச்சொல்லுள் அடங்கும். அறுவை மருத்துவத்தில் வலி தெரியாதிருக்கக் கொடுக்கும் மருந்துகள் வந்தபின் இதன்மீது மேலும் ஒரு பொருள் ஏறியது. ‘மயக்க மருந்து’ என்பது இன்று எல்லாரும் அறிந்த தொடர். எனினும் அத்தொடர் சுட்டும் பொருள் ஒன்றன்று. வெவ்வேறு புரதங்களில் வெவ்வேறு மூலக்கூறுகள் சென்று பிணைவதால் நிகழும் தம்முள் வேறான விளைவுகள் பல அதனுள் மறைந்துள்ளன. அவ்விளைவுகள் எவை, அவற்றை ஒரே சொல்லால் குறிப்பதால் நோயாளிக்கு நேரக்கூடிய இடர் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இப்பொருளை எடுத்துக்கொள்ளக் காரணமான நிகழ்ச்சி சிறியது. ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள மருத்துவமனை ஒன்று, அறுவைக்கு முன் நோயாளி கையொப்பமிடும் இசைவுப் படிவத்தின் தமிழாக்கத்தைப் பார்த்துத் தருமாறு கட்டுரையாளரைக் கேட்டது. ஆங்கிலப் படிவத்தில் நான்கு வேறு சொற்கள் இருந்தன: முழு உணர்விழப்பு, தண்டுவடத்தில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கச் செய்தல், ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்தல், தசைகளைத் தளர்த்தும் மருந்து. தமிழ்ப் படிவத்தில் நான்கு இடத்திலும் ‘மயக்க மருந்து’ என்றே இருந்தது. மொழிபெயர்த்தவரைக் குறை கூறுவதற்கில்லை. வழக்கில் உள்ளதையே அவர் எழுதினார்.

ஐதராபாத் ஆணையம்

இவ்விளக்கத்தை ஐதராபாத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதரும், 1847 நவம்பரில் எடின்பரோ நகரில் சிம்சன் என்பவரால் குளோரோஃபாமும் அறுவையில் புகுந்தன. 1848 சனவரியிலேயே இங்கிலாந்தில் கால் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபாம் பெற்ற பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி உயிரிழந்தாள். அன்று தொடங்கிய வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. குளோரோஃபாம் கொல்வது மூச்சை நிறுத்தியா, இதயத்தை நிறுத்தியா? இலண்டன் மருத்துவர்கள் நாடியைப் பாருங்கள் என்றனர். எடின்பரோ மரபினர் மூச்சைப் பாருங்கள் என்றனர்.

எடின்பரோ மரபில் பயின்ற எட்வர்டு லாரி ஐதராபாத்தில் அரசப் பிரதிநிதியின் அறுவை மருத்துவராகவும் ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் பணியாற்றினார். 1888இல் அவர் அமைத்த முதல் ஆணையம் நூற்றுக்கு மேற்பட்ட நாய்களில் சோதனை செய்து, மூச்சு நின்ற பின்னரே இதயம் நிற்கிறது என்று அறிவித்தது. இலண்டனின் ‘லான்செட்’ இதழ் இம்முடிவை ஏற்கவில்லை. ஆறாம் நிசாம் மகபூப் அலிகான் ஆயிரம் பவுண்டு அளித்து, அவ்விதழ் தேர்ந்தெடுக்கும் ஒருவரே வந்து சோதிக்கட்டும் என்றார். அவ்வாறு 1889இல் வந்தவர் மருந்தியல் அறிஞர் லாடர் பிரண்டன். நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் என நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகளில் இரண்டாம் ஆணையம் சோதனை நடத்தியது. இரத்த அழுத்தமும் மூச்சும் சுழலும் உருளையில் கோடுகளாகப் பதிவாயின. இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகசு நரம்பை வெட்டியும், மின்னோட்டத்தால் தூண்டியும் பார்த்தனர். நரம்புக் குறிப்பைச் சோதிக்கும் நெறி இந்தியாவில் இவ்வளவு விரிவாகக் கையாளப்பட்ட முற்கால நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று எனலாம். முதல் ஆணையத்தின் முடிவையே பிரண்டனும் உறுதி செய்தார்.

அம்முடிவு தவறானது. 1911இல் கூட்மன் லீவி என்பவர், குளோரோஃபாம் குறைவாகச் சென்ற நிலையில்தான் பூனைகளின் இதயக் கீழறைகள் ஒழுங்கின்றித் துடித்துத் திடீரென நிற்கின்றன என்பதையும், அட்ரினலின் சேர்ந்தால் அந்நிலை எளிதில் நேர்கிறது என்பதையும் காட்டினார். ஐதராபாத்தில் நடந்தவற்றில் பெரும்பாலானவை மருந்தை மிகுதியாகச் செலுத்திய சோதனைகள். ஆழ்ந்த உணர்விழப்பில் இக்கேடு தோன்றுவதில்லை. அத்தனை விலங்குகள் மாண்டும் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை. ஆயினும் மூச்சை இடைவிடாது கவனிக்க வேண்டும் என்னும் அவர்களது வற்புறுத்தல் வீண்போகவில்லை. அப்பள்ளியில் பயின்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி உலகின் முதற் பெண் மயக்கவியலர்களுள் ஒருவராக இன்று போற்றப்படுகிறார்.

மொழியியலார்க்கு இங்கு வேறொரு செய்தியும் உண்டு. 1846இல் தொடங்கிய அம்மருத்துவப் பள்ளியில் பாடங்கள் முதலில் உருதுவில் நடந்தன. லாரியின் காலத்தில் ஆங்கிலம் புகுந்தது. பின்னர் 1917இல் தொடங்கிய மொழிபெயர்ப்புப் பணியகமும் 1918இல் தோன்றிய உசுமானியாப் பல்கலைக்கழகமும் மீண்டும் உருதுவில் அறிவியல் நூல்களை ஆக்கின. தமிழில் இம்முயற்சி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் முன்னரே நடந்தது. 1847இல் இலங்கை வந்த சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, ‘இரணவைத்தியம்’ (1867) உள்ளிட்ட நூல்களை வெளியிட்டார். இரு முயற்சிகளும் தொடர்ந்திருந்தால், நாம் எடுத்துக்கொண்ட சொல்லின் நிலை வேறாக இருந்திருக்கக்கூடும்.

பிணைப்பு என்பது யாது?

குளோரோஃபாம் நரம்பணுவில் என்ன செய்கிறது என்பதை லாரியும் அறியார், பிரண்டனும் அறியார். 1899இல் மேயரும் 1901இல் ஓவர்ட்டனும், ஒரு மருந்து எண்ணெயில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவுக்கு அதன் மயக்கும் ஆற்றல் மிகுகிறது எனக் கண்டனர். நரம்பணுவின் உறை கொழுப்பாலானது. ஆகவே மருந்து அக்கொழுப்பில் கரைந்து உறையின் இயல்பைக் கெடுக்கிறது என்னும் கருத்து முக்கால் நூற்றாண்டு நிலவியது. 1984இல் ஃபிராங்க்சு, லீப் என்னும் இருவர் மின்மினிப் பூச்சிக்கு ஒளி தரும் புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, அதில் மயக்க மருந்துகளைச் சேர்த்தனர். கொழுப்பு சிறிதும் இல்லாத அக்கரைசலில், விலங்குகளை உணர்விழக்கச் செய்யும் அதே செறிவில், அம்மருந்துகள் புரதத்தின் செயலைத் தடுத்தன. மருந்து புரதத்திலேயே நேரடியாகப் பிணையக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

பிணைப்பு என்றவுடன் கயிற்றால் கட்டியது போன்ற நிலையான இணைப்பை எண்ணிவிடலாகாது. பெரும்பாலான மருந்துகள் புரதத்தின் பள்ளத்தில் அமர்ந்து, சிறிது நேரம் தங்கி, விலகுகின்றன. ஒன்று விலக மற்றொன்று அமர்கிறது. எவ்வகைப் பள்ளத்தில் எவ்வகை மூலக்கூறு அமரும் என்பதற்கு வரையறை உண்டு. மெய்ம்மயக்க விதிகளை இதற்கு ஒப்பிடலாம். க், ச், த், ப் ஆகியவை தம்மொடு தாமே மயங்கும். ர், ழ் ஆகியவை பிறவற்றோடன்றித் தம்மொடு மயங்கா. ஒலிகளின் பிறப்பே எது எதனோடு கூடும் என்பதைத் தீர்மானிப்பது போல, வடிவும் மின்னூட்டமுமே மருந்தின் கூட்டத்தைத் தீர்மானிக்கின்றன. இலக்கண நூலார் கொண்ட பொருளில் ‘மயக்கம்’ என்பதே பிணைப்புக்கு ஏற்ற சொல்லாகும் என்றுகூடக் கூறத் தோன்றுகிறது. ஆனால் இன்று அதைச் சொன்னால் குழப்பமே மிஞ்சும்.

பிணைப்பின் வலிமையை அளக்க எளிய முறை ஒன்றுண்டு. புரதங்களில் பாதி நிரம்புவதற்கு வேண்டிய மருந்தின் செறிவே அதன் அளவுகோல். அச்செறிவு குறைவாயின் பிணைப்பு வலிது. செறிவை அதன் மூன்று மடங்காக்கினால் நூற்றுக்கு 75 பங்கும், ஒன்பது மடங்காக்கினால் 90 பங்கும் நிரம்பும். அதாவது பாதியை நிரப்பிய பிறகு எஞ்சியதை நிரப்ப மேலும் மேலும் மிகுதியான மருந்து வேண்டும். குளோரோஃபாமின் பிணைப்பு மிக மெலிது. அதனாலேயே அது இரத்தத்தில் நிறைய இருந்தாலன்றி வேலை செய்யாது, பல புரதங்களில் ஒருங்கே சென்று ஒட்டவும் செய்கிறது. இக்காலத்து மருந்தான புரோபோஃபால் அதனினும் மிகக் குறைந்த செறிவில் போதுமானது.

புரோபோஃபால் சென்று சேரும் முதன்மையான இடம் மூளையிலுள்ள ‘காபா’ ஏற்பி. நரம்பணுக்களை அடக்கும் குறிப்பைப் பெற்றுக்கொள்ளும் புரதம் அது. (இதனை ஈழத்துப் பாடநூல்கள் ‘வாங்கி’ என்கின்றன, எளிய நல்ல சொல்.) 2003இல் இவ்வேற்பியின் ஒரேயோர் அமினோ அமிலத்தை மாற்றிய எலிகளில் புரோபோஃபாலின் விளைவு பெரிதும் குறைந்தது. 2020இல் மருந்து அமர்ந்த நிலையில் அவ்வேற்பியின் வடிவத்தையே உறைநிலை மின்னணு நுண்ணோக்கியால் காண முடிந்தது. அதே ஆண்டில் வேறொரு குழுவினர், குளோரோஃபாம் உறையின் கொழுப்புத் திட்டுகளைக் கலைத்தும் நரம்பை அடக்குகிறது என்று காட்டினர். மேயரின் கொழுப்பு முற்றிலும் தோற்றுவிடவில்லை.

கட்டைவிரல் கூறும் சான்று

இதுவரை கூறியது நினைவை அகற்றும் மருந்து. ஓரிடத்தை மரக்கச் செய்யும் லிக்னோகேயின் இதனின்றும் வேறானது. அது நரம்பிழையின் சோடியம் வாயில் புரதத்தில் அமர்ந்து குறிப்பு கடந்து செல்வதைத் தடுக்கிறது, நினைவுக்கு ஊறில்லை. மூன்றாவது வகை தசைத்தளர்த்திகள். நினைவும் மாறாது, வலியும் குறையாது; அசைவு மட்டும் நிற்கும். மூச்சும் அசைவே ஆதலால் அதுவும் நிற்கும். இவ்வகையை ‘மயக்க மருந்து’ என்பதே பெரும்பிழை எனத் தோன்றுகிறது.

நரம்பின் முனையிலிருந்து அசெட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டுத் தசையின் ஏற்பியில் அமரும்போது தசை சுருங்குகிறது. 1921இல் லோவி, வேகசு நரம்பைத் தூண்டினால் தவளையின் இதயத்தில் ஒரு பொருள் சுரக்கிறது எனக் காட்டினார். அப்பொருளும் இதுவே. ஐதராபாத்தில் 1889இல் மின்னோட்டம் தந்து இதயத்தை மெதுவாக்கியபோது சுரந்ததும் அதுதான்.

வெக்குரோனியம் போன்ற தளர்த்திகள் தசையின் ஏற்பியில் அசெட்டைல்கோலினின் இடத்தைப் பற்றிக்கொள்கின்றன. எவ்வளவு பற்றியுள்ளன என்பதை அறியவே நரம்புத் தூண்டல் சோதனை பயன்படுகிறது. மணிக்கட்டின் உள்நரம்பின்மேல் இரு மின்முனைகளை ஒட்டி, நொடிக்கு இரண்டு வீதம் நான்கு துடிப்புகள் தரப்படும். கட்டைவிரல் நான்கு முறை அசையும். தளர்த்தி இருப்பின் ஒவ்வோர் அசைவும் முன்னதினும் மெலியும். நான்காம் அசைவை முதலசைவால் வகுத்த ஈவு 0.9ஐ எட்டினாலன்றி நோயாளி தாமாக மூச்சுவிட விடக்கூடாது என்பது இன்றைய நெறி. 1970இல் லிவர்ப்பூல் அறிஞர்கள் இம்முறையை வெளியிட்டனர். இதில் வியப்பூட்டுவது யாதெனின், ஏற்பிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிரம்பும்வரை ஒற்றைத் துடிப்புக்கு விரல் வழக்கம்போலவே அசையும் என்பதாகும். 1967இல் பூனைகளில் இது நிறுவப்பட்டது. ஒருமுறை அசைந்த விரலைக் கண்டு ‘தெளிந்துவிட்டார்’ என்று சொல்வது எவ்வளவு தவறாகலாம் என்பதை இதனால் உணரலாம்.

சக்சமெத்தோனியம் என்னும் தளர்த்தி வேறு வகையினது. இரண்டு அசெட்டைல்கோலின் மூலக்கூறுகள் இணைந்த உருவம் அது. ஏற்பியில் அமர்ந்து அதைத் திறந்தே வைத்திருக்கும். தசை ஒருமுறை நடுங்கி அடங்கும். நான்கு துடிப்புக்கும் விரலசைவு ஒரே அளவில் குன்றும் அல்லது அற்றுவிடும். ஒரு நிமிடத்திற்குள் வேலை செய்து, பத்து நிமிடத்திற்குள் தீர்ந்துவிடுவதால் அவசர நிலையில் விரும்பப்படுவது. அது தீர்வதற்குக் காரணம் இரத்தத்தில் உள்ள பியூட்டிரைல்கோலினெசுட்டரேசு என்னும் நொதி. கல்லீரலில் உண்டாகும் அந்நொதியில் மருந்து பிணைந்து சிதைகிறது. அந்நொதி இல்லாதவர்க்கு? மருந்து மணிக்கணக்கில் உடலில் நிற்கும். அதுவரை கருவியால் மூச்சுத் தந்து, நினைவையும் அகற்றி வைத்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் நினைவகற்றும் மருந்தை நிறுத்திவிட்டால், நோயாளி விழித்திருப்பார், கேட்பார், இமையையும் அசைக்க இயலாது.

ஐரோப்பியருள் இவ்விடர்ப்பாடு ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒருவர்க்கே உண்டு. ஆந்திரம், தெலங்கானா, தமிழகப் பகுதிகளில் வாழும் ஆரிய வைசியரிடையே இது மிக மிகுதி என்பதைத் தென்னக மயக்கவியலர் நெடுங்காலமாக அறிவர். 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அவர்தம் நொதியில் 307ஆம் இடத்தில் லூசினுக்கு மாற்றாகப் புரோலின் அமைந்திருப்பதைக் கண்டது. ஓர் அலகு மாறியதால் புரதம் நிலைகொள்ளாது சிதைகிறது. 2017இல் ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் அமெரிக்க அறிஞர்களும் இணைந்து ‘நேச்சர் ஜெனட்டிக்சு’ இதழில் எழுதிய கட்டுரை, சிறு குழுவிலிருந்து பெருகித் தமக்குள்ளேயே மணம் செய்துவந்த தெற்காசியச் சமூகங்கள் பலவற்றைச் சுட்டி, வைசியரிடம் இக்குறைவு பிறரினும் ஏறத்தாழ நூறு மடங்கு மிகுதி என்பதை எடுத்துக்காட்டாகத் தந்தது. இந்நொதி இல்லாதோர் மற்றெல்லா வகையிலும் நலமாக உள்ளனர் என்பது கருதத்தக்கது. எனவே இதனை ‘நோய்’ என்பது பொருந்தாது. அம்மருந்தைச் சந்திக்கும்வரை அது இருப்பதே தெரியாது.

படிவத்தின் கேள்வி

மேற்குறித்த இசைவுப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?’ படிவத்தைச் சிலரிடம் படித்துக் காட்டி விடை கேட்டபோது மூதாட்டி ஒருவர் தம் தமக்கையைப் பற்றி, “அதெல்லாம் ஒத்துக்கிச்சுங்க, மயக்கம் தெளியத்தான் ராத்திரி ஆயிடுச்சு” என்றார். கேள்விக்கு உரிய விடை ‘இல்லை’ என்றே எழுதப்பட்டிருக்கும். அவருக்கு நேர்ந்தது நினைவு திரும்பாமையா, அசைவு திரும்பாமையா? அக்கூற்றிலிருந்து அறிய வழியில்லை. இரண்டையும் ‘மயக்கம்’ என்னும் ஒரே சொல் மூடிவிட்டது. மருத்துவர்க்கு எது தெரிந்தாக வேண்டுமோ அதுவே சொல்லில் மறைந்தது.

அண்டை மொழிகளின் நிலை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தெலுங்கின் ‘மத்து மந்து’ தமிழைப் போலவே கள்வெறியையும் அறுவை மருந்தையும் ஒருங்கே தழுவும். உருதுவில் ‘பேஹோஷி’ என்பது நினைவின்மையை மட்டும் சுட்டும். மரத்துப்போதலுக்குச் ‘சுன்’ எனத் தனிச்சொல் உண்டு. தமிழிலும் ‘மரத்தல்’ என்னும் வினை உயிருடன் உள்ளது. பல் பிடுங்கச் செல்வோர் ‘மரத்துப்போக ஊசி போட்டார்’ என்றே சொல்கின்றனர். ஆகவே ‘நினைவகற்றி’, ‘மரப்பூசி’, ‘தசைத்தளர்த்தி’ என மூன்றாகப் பிரிப்பது கடினமன்று. ‘நினைவகற்றி’ புதுச்சொல்லாயினும் கேட்டவுடன் விளங்குகிறது. ‘தசைத்தளர்த்தி’ அவ்வாறில்லை, உடல் வலிக்குத் தேய்க்கும் தைலம் என்றே பலர் கொண்டனர். அதனால் படிவத்தில் அச்சொல்லை விடுத்து, ‘கை கால் அசைவையும் மூச்சையும் சிறிது நேரம் நிறுத்தும் மருந்து’ என விரித்தெழுத நேர்ந்தது. கலைச்சொல் சுருங்க வேண்டும் என்பது பாடநூலுக்குப் பொருந்தும்; அறுவைக்கூடத்தின் வாயிலில் பொருந்துவதில்லை.

சாதியைக் கேட்டுவிடலாமே என்று மருத்துவர் ஒருவர் வினவினார். நூறு மடங்கு என்னும் எண்ணை முன்வைத்துப் பார்த்தால் அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. முதன்முறையாக அறுவைக்கு வருபவர்க்குச் சொல்லக் குடும்பக் கதை இராது. ஆனால் சமூகப் பெயரைக் கேட்டால் சிலர் மறைப்பர், சிலர் சினப்பர். அச்சமூகத்தைச் சாராதவர்க்கும் இக்குறைவு இருக்கலாம். ஐயமுள்ள இடத்தில் இரத்தத்தில் நொதியின் அளவைச் சோதித்துவிடுவதே உறுதியான வழி. அவசர அறுவையில் அதற்கு நேரம் இராது. அந்நிலையில் இந்நொதியை நம்பியிராத வேறு தளர்த்தியான ரோக்குரோனியத்தைக் கையாள்வர். அதனைப் பற்றி அகற்றும் மருந்தும் ஐரோப்பாவில் 2008 முதல் வழக்கில் உள்ளது.

இறுதியில் அக்கேள்வி இவ்வாறு திருத்தப்பட்டது: ‘உங்களுக்கோ, உங்களுடன் பிறந்தவர்க்கோ, பெற்றோர்க்கோ அறுவைக்குப் பின் தாமாக மூச்சுவிடவும் கை கால் அசைக்கவும் நெடுநேரமாகி, மூச்சுக் கருவியில் வைத்திருந்ததுண்டா? எத்தனை மணி நேரம்?’ நீளம் மிகுதி என்று அச்சிடுவோர் முறையிட்டனர். கேள்வியின் பின்பகுதியை எடுத்துவிடலாமா என்றும் கேட்டனர். ‘எத்தனை மணி நேரம்’ என்பதை மட்டும் எடுக்கலாகாது என்று மயக்கவியலர் மறுத்துவிட்டார்.